பெத்லகேமில் மழை

ஒரு பாட்டை நிறுத்துவதற்காக நான் இரண்டு பேரிடம் பொய் சொன்னேன். பாட்டைக் கட்டியவரிடம், அதைப் பாட வேண்டாம் என்று குருவானவர் சொல்லிவிட்டார் என்றேன். குருவானவரிடம், பாட்டைக் கட்டியவரே வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். இருவரும் நம்பினார்கள். என்னை நம்பாமலிருக்க அதுவரை நான் யாருக்கும் காரணம் கொடுத்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருநெல்வேலியில் பி.ஏ. முடித்துவிட்டுப் பம்பாய்க்கு வந்து, ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். செம்பூரில் இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போவேன். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து எழுப்பிய ஒரு தகரக்கூரைக் கோயில் அங்கே இருந்தது. எனக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும், மேல்நாட்டு இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரியும் என்பதால், வந்த இரண்டாம் வருஷமே பாடகர் குழுவை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது.

பாட்டைக் கட்டியவர் தோல் கிடங்கில் வேலை பார்த்தார். நாற்பதை ஒட்டிய வயது. குழுவில் டோலக் வாசிப்பது அவர்தான். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். கிடங்கின் வாடை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். அதற்காகவே பின்வரிசையில் போய் உட்காருவார். யாரும் சொல்லி அல்ல. தோலைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. எங்கள் ஊரில் டிசம்பர் மழையில் டோலக்கின் தோல் தளர்ந்து, சத்தமே எழும்பாது. கரியடுப்பில் காட்டிக் காட்டித்தான் வாசிப்பார்கள். பம்பாயில் அதே மாதத்தில் உதடு வெடிக்கும் வறட்சி. தோல் இறுகி, சுருதி தானாக மேலே ஏறிவிடும். அண்ணாச்சி ஈரத்துணியால் அதை ஒற்றி எடுப்பார்.

“ஊர்ல இதுக்கு நெருப்பு காட்டணும், இங்க தண்ணி காட்டணும். இந்தத் தோலும் நம்மளோட ரயிலேறி வந்து முழிக்குது தம்பி” என்பார்.

ஊரில் கிறிஸ்துமஸ் என்றாலே எங்களுக்கு மழைதான். ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரை விட்டு விட்டுப் பெய்யும். நட்சத்திர விளக்கில் ஒட்டிய தாள் கரைந்துபோய், பண்டிகையன்று மூங்கில் குச்சிகள் மட்டும் தொங்கும். அச்சுமுறுக்கு மறுநாளே நமத்துப்போகும். பம்பாயிலோ மழை ஜூனில் வந்து செப்டம்பரோடு போய்விடும். டிசம்பரில் சுட்ட முறுக்கு பொங்கல் வரை கடிபடும். அந்த வறண்ட ஊரில்தான், மாஹிம் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சை ஒட்டிப் பனி என்று வைத்திருப்பார்கள். எங்கள் ஆபீசுக்கு வரும் வாழ்த்து அட்டைகளிலும் பனிதான். நாங்கள் யாருமே பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பண்டிகை என்றால் அதுதான் சரியான பருவம் என்று எனக்குள் எப்படியோ பதிந்திருந்தது.

அண்ணாச்சியின் பாட்டில் மழை பெய்தது. அவருடைய மூத்த பெண் ஊரில் ஒரு கார்த்திகை மழையில் பிறந்தாள். பனையோலைக் கூரை. குழந்தையைக் கிடத்த நனையாத இடம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பொழுது விடியும்வரை அவர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் குழந்தைக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். தாம்பாளத்தில் சொட்டு விழுகிற சத்தத்துக்கு வாயில் தானாக வந்தது என்று சொல்வார்.

கூரை ஒழுகுது ராசா – நீ
கொஞ்சம் நகர்ந்து படு ராசா
ஊருக்கு எல்லாம் மழை வேணும் – உன்
உச்சியில் மட்டும் படவேணாம்.

மரியாள் பாடுவதாகப் பாட்டு. மதினி பக்கத்தில் உட்கார்ந்து அதே தாம்பாளத்தை மடியில் கவிழ்த்து, விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகத் தட்டுவார். எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்போம். எங்கள் ஐயர், செம்மணல் மேடான தேரிக்காட்டில் வளர்ந்தவர். வருஷாவருஷம் அந்தப் பாட்டு வரும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் எங்கள் குழுவைப் பாட அழைத்திருந்தார்கள். ஆபீஸ் வேலையில் இரண்டு தலைமுறையாக ஊன்றிய தமிழ்க் குடும்பங்கள் வருகிற இடம். என் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்டும் மனைவியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பாட்டு உறுத்தத் தொடங்கியது. அந்த மண்டபத்தில் ‘ஒழுகுது’ என்ற சொல்லை நினைத்தாலே காது சூடாகும். தாம்பாளம் வேறு. ஓர் ஆங்கில மெட்டுக்கு நானே தமிழில் வரிகள் எழுதினேன். ‘வெண்பனி போர்த்த வயல்வெளியில்’ என்று தொடங்கும். மெத்தை தைப்பவரிடம் பஞ்சு வாங்கிச் சவுக்குக் கிளைகளில் ஒட்டவும், பிள்ளைகளுக்குக் கம்பளி மப்ளர் கட்டவும் ஏற்பாடு செய்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஒத்திகைக்கு உட்கார்ந்தபோது, மழைப் பாட்டு இந்த வருஷம் இல்லை என்று அறிவித்தேன்.

“ஏன் தம்பி?” என்றார் அண்ணாச்சி.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா பெத்லகேம் பாலைவனத்த ஒட்டுன ஊரு. அங்க மழை ஏது? படிச்சவங்க வர்ற இடம், பூகோளம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க.”

அவர் டோலக்கின் வளையத்தைத் தளர்த்திக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

“மழையே பெய்யாத ஊர்ல பனி மட்டும் எப்படிக் கொட்டுச்சு தம்பி?”

குழு முழுவதும் சிரித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, “பி.ஏ.வுல அதுக்குத் தனிப் புத்தகம் இருக்கும் அண்ணாச்சி” என்றாள். மறுபடியும் சிரிப்பு. அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. அந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“எங்கிட்ட ஏன் கேக்கீங்க? நானா வேண்டாம்னேன்? ஐயர் வேண்டாம்னுட்டார். கூரை ஒழுகுறதெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டான்னு கேட்டார்.”

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சியின் கை வளையத்தின் மேலேயே இருந்தது.

“ஐயரா சொன்னாவ?”

“ஆமா.”

அவர் டோலக்கைச் சுவரோரம் சாய்த்து, ஈரத்துணியை மடித்து அதன் மேல் வைத்துவிட்டு எழுந்தார். மதினி தாம்பாளத்தை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

மறுநாள் ஐயர் கேட்டார். “என்னப்பா, மழைப் பாட்டு பட்டியல்ல இல்லையே?”

“அண்ணாச்சியே வேண்டாம்னுட்டார் ஐயரே. தொண்டை சரியில்லையாம்.”

மாட்டுங்கா நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை பறந்து வந்த பஞ்சை விழுங்கி இருமியது தவிரக் குறையில்லை. சூப்பரின்டெண்டென்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பேஷா இருந்தது. அப்படியே லண்டன்ல உக்காந்துண்டு கேக்கறாப்பல இருந்தது” என்றார். அன்றைக்கு அது எனக்குப் பெரிய பாராட்டு.

அண்ணாச்சி அதன் பிறகு கோயிலுக்கு வரவில்லை. ஐயர் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனார். ஐயர் சந்தில் வருவதைப் பார்த்ததும் அண்ணாச்சி மறுபக்க வழியாக வெளியேறிவிட்டார்; மதினி வாசலில் நின்று, வீட்டில் இல்லை என்று சொன்னார். ஐயர் திரும்பி வந்து என்னிடம் கேட்டார்.

“நான் அவன் மனசு நோக என்ன செஞ்சேன்? உங்கிட்ட ஏதாவது சொன்னானா?”

“தெரியலையே ஐயரே” என்றேன்.

அது மூன்றாவது தடவை. ஆண்டவரைத் தெரியாது என்று சீடன் மூன்றாம் தடவை சொன்னதும் சேவல் கூவியதாக வேதத்தில் உண்டு. தாராவியில் சேவல்களுக்குப் பஞ்சமில்லை. எனக்குத்தான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அண்ணாச்சியின் குடும்பம் கோவண்டிப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வருஷம் ஐயருக்குக் கல்யாணில் ஒரு சிறிய சபைக்கு மாற்றலானது. என் பனிப் பாட்டு குழுவில் நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பஞ்சு பிடித்திருந்தது. இரண்டு நாளில் மில் புகை படிந்து அது சாம்பல் நிறமாகிவிடும்; யாரும் பொருட்படுத்துவதில்லை. பொய் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. பாட்டு பிழையானது, நிறுத்தியது சரி, நிறுத்திய விதம்தான் தவறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு முட்டில் நாலு வருஷம் சாய்ந்து நின்றேன்.

நாலாம் வருஷம், பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால், செம்பூரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போனோம். பொழுது சாயும் நேரம். ஒரு தொழிற்சாலைக் காவலர் வீடு. நாகர்கோவில் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பனிப் பாட்டைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம் வைத்து நீட்டினார்.

“பாட்டு நல்லா இருக்கு. ஆனா பெத்லகேம்ல பனியெல்லாம் எப்பவாவதுதான் தம்பி.”

“நீங்க போயிருக்கீங்களா?” என்று குழுவில் யாரோ கேட்டார்கள்.

“யுத்தத்துல அந்தப் பக்கந்தான் போட்டிருந்தாங்க. ஒரு கிறிஸ்துமஸுக்கு லாரியில ஏத்தி அங்க கூட்டிட்டுப் போனாங்க. அப்பப்பா, என்ன மழை! பூட்ஸுக்குள்ள தண்ணி. கூடாரம் பூரா ஒழுக்கு. விடியிற வரைக்கும் ஒருத்தனும் படுக்கல. டிசம்பர்தான் அங்க மழைக்காலம்னு அப்புறந்தான் சொன்னாங்க. நம்ம ஊரு மாதிரியேன்னு நினைச்சுக்கிட்டேன்.”

முந்திரிக்கொத்து என் வாயிலேயே இருந்தது. குழுவில் பழைய ஆட்கள் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் ஆபீசில் மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய்ப் பூகோளப் புத்தகத்தைத் திறந்தேன். உண்மைதான். அங்கே வெயில்காலம் வறட்சி, குளிர்காலம் மழை. முன்மாரி, பின்மாரி என்று சிறு வயதிலிருந்து கோயிலில் எத்தனை முறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன்! அது எந்த மாதத்து மழை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் சாய்ந்து நின்ற முட்டு போய்விட்டது. மிச்சமிருந்தது பொய் மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் காலையிலேயே கோவண்டிக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒற்றை அறை. வாசலில் நட்சத்திர விளக்குக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“வாங்க பாட்டு வாத்தியாரே. வழி தெரிஞ்சுதா?”

மதினி டீ கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பின்னால், மூன்று வயதுப் பையன் ஒருவன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் முதலில் மழையைப் பற்றிச் சொன்னேன். பட்டாளத்துக்காரர், லாரி, கூடாரம், எல்லாவற்றையும் சொல்லி, “உங்க பாட்டுதான் சரி அண்ணாச்சி. நான் சொன்னதுதான் தப்பு” என்றேன். அதுதான் பெரிய விஷயம் என்று அப்போதும் எனக்கு நினைப்பு.

அவர் சிரித்தார். “மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டா என்ன? நான் என்ன பெத்லகேமுக்குப் போயா பாத்தேன்? எங்க வீட்டுல பெஞ்சுது, பாடுனேன். இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீய?”

“இன்னொண்ணும் இருக்கு. ஐயர் அப்படிச் சொல்லவே இல்ல. நானாச் சொன்ன பொய். அவர்கிட்ட உங்களுக்குத் தொண்டை சரியில்லன்னு சொல்லிட்டேன்.”

இப்போது அவர் சிரிக்கவில்லை. மடியிலிருந்த மூங்கில் குச்சியை எடுத்துக் கீழே வைத்தார்.

“ஐயரு ஒண்ணுமே சொல்லலயா?”

“இல்ல அண்ணாச்சி.”

“அந்த மனுசன் என் வீட்டு வாசலுக்கு ரெண்டு வாட்டி வந்தாரு. ஒளிஞ்சுக்கிட்டேன்.” பையனைக் காட்டினார். “இவனுக்கு ஞானஸ்நானம் குடுக்க ஊருக்குக் கொண்டுட்டுப் போனேன். அவரு கை என் பிள்ள தலையில படப்படாதுன்னு.”

“ரெண்டு நா ரயிலு. பிள்ள பெத்த பச்ச உடம்போட” என்றார் மதினி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டீக் கிளாசை எடுத்துக்கொண்டே சொன்னார். இத்தனை வயதுக்குப் பிறகும், நான் செய்தது என்ன என்று நினைக்கும்போது என் காதில் விழுவது அந்த வார்த்தைதான்.

அண்ணாச்சி எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

“ஐயரு இப்ப எங்க இருக்காரு?”

“கல்யாண்ல.”

“நடங்க. போவோம்.”

“இப்பவா? பண்டிகை முடிஞ்சதும் நானே…”

“நாலு பண்டிகை முடிஞ்சுபோச்சு தம்பி.”

குர்லாவில் வண்டி மாறிக் கல்யாணுக்குப் போனோம். வழி நெடுக அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். முல்லுண்டு ஸ்டேஷன் தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டார்: “அன்னைக்கு நான் கேட்டது உங்களுக்குக் கேலியாப் பட்டுச்சா?” இல்லை என்றேன். “அதான் கேட்டேன்” என்று மறுபடி சன்னலைப் பார்த்துக்கொண்டார்.

ஐயர் வீட்டு முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நட்சத்திரத்துக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். மடியில் பசைக் கிண்ணம். இரண்டு கையிலும் பசை. அண்ணாச்சி வாசலிலேயே நின்று கும்பிட்டார்.

“ஸ்தோத்திரம் ஐயரே.”

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கி, பசையைப் பார்த்து அப்படியே நிறுத்தினார். யாரும் பேசுவதற்கு முன் நான் சொல்லத் தொடங்கினேன். நின்றபடியே மூன்று பொய்யையும் சொன்னேன். சொல்ல எடுத்த நேரம் மிகக் குறைவு என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

ஐயர் என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணாச்சியைப் பார்த்தார்.

“தொண்டை சரியில்லன்னு சொன்னானா? நாலு வருஷமா உன் தொண்டைக்காக நான் ஜெபம் பண்ணிக்கிட்டு வர்றேன்.”

“அதான பாத்தேன்” என்றார் அண்ணாச்சி. “நாலு வருஷமா எனக்கு ஒரு சளிகூடப் பிடிக்கல ஐயரே.”

முதலில் ஐயர்தான் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது இரண்டு பேர் கண்களும் ஈரமாக இருந்தன. ஐயர் என்னிடம் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பசைக் கிண்ணத்தை நீட்டி, “இதைக் கொஞ்சம் பிடி” என்றார். அவர்கள் இருவரும் மழையைப் பற்றியும், ஊரில் எந்தக் குளம் நிரம்பியது என்பது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பசை காய்ந்து போகும்வரை நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே தாராவியில் ஒத்திகைக்குக் கூடிய எல்லோர் முன்னும் நடந்ததைச் சொல்லி, ஆர்மோனியத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். முன்வரிசைப் பெண், “ஒரு பாட்டுக்கா இம்புட்டும்?” என்றாள். மழைப் பாட்டை மறுபடி அங்கே பாட வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காக அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“அங்க வேண்டாம் தம்பி. கோவமில்ல. கேட்டவங்க இனிமே உங்க கதையத்தான் நினைப்பாங்க, பாட்ட நினைக்க மாட்டாங்க. கோவண்டியில நாங்க படிக்கோம். வந்து கேளுங்க.”

என் பனிப் பாட்டைத் திரும்ப வாங்கவும் என்னால் முடியவில்லை. பிள்ளைகள் அதை விடவில்லை. வருஷாவருஷம் பஞ்சும் மப்ளருமாக அது தொடர்ந்தது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கோவண்டிக்குப் போனேன். வீட்டுக்கு வெளியே சாக்கு விரித்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணிலிருந்து ஐயர் வந்திருந்தார். கண்ணாடியை முன்கூட்டியே கழற்றிக் கையில் வைத்திருந்தார். மூத்த பெண், தாம்பாளத்துக்கு அடியில் கிடந்து வளர்ந்தவள், இப்போது பதினாறு வயது. அவள்தான் பாட எழுந்தாள். அண்ணாச்சி டோலக்கை ஈரத்துணியால் ஒற்றினார். நான் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். மதினியின் கையில் அடுப்புச் சூடு பட்டுத் துணி சுற்றியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாம்பாளத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“சும்மாத்தான நிக்கீய. விரல் நுனியால தட்டுங்க. நகம் படப்படாது.”

உட்கார்ந்து மடியில் கவிழ்த்துக்கொண்டேன். இசைக்குறிப்பு படித்தவனுக்கு அந்தச் சொட்டு பிடிபடவில்லை. இரண்டாம் வரிக்குள் நான் அவளை முந்திப் போய்விட்டேன். பெண் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். டோலக்கின் மேல் கையை வைத்தபடி அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இது பம்பாய் மழை. ஊர் மழை இப்படி அவசரப்படாது. ஒரு சொட்டு விழட்டும். அடுத்தது விழுமா விழாதான்னு இருக்கணும்.”

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நான் விரலைத் தூக்கிக் காத்திருந்தேன்.